ஒரு நூல் இடப்பக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. கட்டுரையாக வந்திருக்க வேண்டும். ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டு, "உங்க ஊர்ல இப்போ கஃபேயா முளைக்குதாமே, ஒரு சுத்து சுத்திட்டு ஜாலியா நாலு பக்கம் எழுதுங்க. அழுமூஞ்சியா வேண்டாம்" என்றார். கடைசி வாக்கியம் என் பழைய கதைகளைப் பற்றியது. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் யாரையாவது பார்த்துப் பேச வேண்டுமென்றால் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டேதான் பேச வேண்டும். இப்போது பதினொரு கஃபே. நாளைக்கு ஒன்று என்று பதினொரு நாள் போனேன். ஒன்று டயர்க் கடையாக இருந்த இடம். மழை வந்தால் சுவரிலிருந்து இன்னும் ரப்பர் வாசனை வருகிறது. ஒன்று பழைய வங்கிக் கட்டடம். லாக்கர் அறைக்குள் இரண்டு மேசை போட்டிருக்கிறார்கள், உள்ளே போன் எடுக்காது, வீட்டில் தேடப்படுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். இன்னொன்றில் கூரையிலிருந்து ஒரு சைக்கிள் தொங்குகிறது. ஏன் என்று கேட்டேன். "அது ஒரு லுக்கு சார்" என்றார் முதலாளி. நாலாவதில் 'இங்கே வைஃபை கிடையாது, ஒருவரோடு ஒருவர் பேசுங்கள்' என்று பலகை. அதற்குக் கீழே நாலு பேர் அந்தப் பலகையைப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கடையிலும் நாற்காலி குளியலறை முக்காலி உயரம், முதுகு கிடையாது. என் வயதுக்காரர்கள் உட்காரலாம். எழுந்திருப்பது அவரவர் சாமர்த்தியம்.

காபியைப் பற்றி நோட்டில் தினம் ஒரு வரி எழுதினேன். முதல் நாள்: 'நல்ல காபி. கசப்பு எட்டிப் பார்த்துவிட்டு, மன்னிக்கணும் என்று உள்ளே போய்விடுகிறது.' இரண்டாம் நாளும் அதையேதான் எழுத வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் எனக்கே சந்தேகம் வந்தது. ஐந்தாம் நாளிலிருந்து 'மேற்படி' என்று போட ஆரம்பித்தேன். எட்டாம் நாள் பயந்துபோய் டாக்டரிடம் நாக்கை நீட்டினேன். "நாக்குக்கு ஒண்ணும் இல்ல. காபியைக் குறைங்க" என்றார்.

பதினொன்றாம் நாள், செருப்புக் கடையாக இருந்த கஃபேயில், காபி மிஷினுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "சார், கொஞ்சம் காலை நகத்துங்க, டார்ச் அந்தப் பக்கம் உருண்டுபோச்சு" என்று கால்கள் பேசின. எழுந்து வந்தது நாற்பது வயதுப் பெண். கையைத் துடைத்தாள், கொட்டை அரைக்கும் மிஷினின் வளையத்தைக் கொஞ்சம் திருகினாள், ஒரு காபி எடுத்துச் சின்ன ஃப்ளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் போய்விட்டாள்.

"யாருங்க அது?"

"மிஷின் அக்கா. ஊர்ல எல்லாக் கடைக்கும் அவங்கதான் ரிப்பேர்."

"ஃப்ளாஸ்க் எதுக்கு?"

"அவங்க காபியே தொட மாட்டாங்க சார். வயித்தெரிச்சலாம். வீட்டுல யாரோ குடிச்சுப் பாத்துச் சொல்வாங்க. உடனே போன் வரும், எந்தப் பக்கம் திருகணும்னு. அப்படியே திருகிடுவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் பதினொரு கடை, முப்பது நாற்பது மேசை, ஒரே நாக்கு! கட்டுரை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. கால்களும் ஃப்ளாஸ்கும் நான் பார்த்தவை. இனிமேல் வருவதெல்லாம் நான் கட்டியது.

2

கதையை எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: 'அந்த நகரத்தின் காலை, காபிக் கொட்டைகளின் வாசனையில் மெல்லக் கண்…' [அடித்துவிட்டேன். எங்கள் ஊர்க் காலை குப்பை வண்டிச் சத்தத்தில்தான் கண் விழிக்கும்.]

இரண்டாம் முயற்சி: '"நீ ஒரு துரோகி!" என்று நாத்தனார் கத்தினார்.' [விறுவிறுப்புதான். ஆனால் நாத்தனார் கத்துகிற ரகம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் குரலைத் தணித்தால்தான் ஆபத்து.]

ஆமாம், ஃப்ளாஸ்க் போய்ச் சேரும் நாக்கு நாத்தனாருடையது. கணவனின் அக்கா. அம்மா என்று வைத்தால் கதையில் பாசம் பொங்கிவிடும். கணவன் என்று வைத்தால், எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு" என்பான், கதை நகராது. குறை சொல்லத் தெரிந்த நாக்கு வேண்டும் என்றால் வேறு யாரிடம் போவது?*

மூன்றாம் முயற்சி இது. இதோடு போகலாம்.

* மிஷின் அக்காவை 'அவள்' என்றும் நாத்தனாரை 'அவர்' என்றும் எழுதுகிறேன். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றுகிறேன், அந்த உரிமை. நாத்தனாரைக் கண்டால் எனக்கே கொஞ்சம் பயம்.

3

நாலு வருஷமாக மிஷின் அக்காவின் வேலை இப்படித்தான் போகிறது. மிஷினைக் கழற்று, உப்புப் படிவத்தைச் சுரண்டு, ரப்பர் வளையத்தை மாற்று, மூடு. அது வரைக்கும் அவள் ராணி. நீராவியின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவாள். அதற்கப்புறம் ருசி பார்க்க வேண்டிய இடம் வரும்போது ஃப்ளாஸ்கை நீட்டிவிடுவாள்.

வீட்டில் அவளும் கணவனும் மாடியில், நாத்தனார் கீழே. நாத்தனார் ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் இருபது வருஷம் இருந்தவர். வேலை முடிந்து வந்ததும் ஃப்ளாஸ்கைத் திறந்து, ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, அடுத்த அறையில் யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். பிறகு தீர்ப்பு வரும்.

"ஒரு நூல் இடப்பக்கம்."

அரைக்கும் மிஷினின் வளையத்தில் கோடு கோடாக இருக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான் வீட்டில் 'ஒரு நூல்' என்பார்கள். இடப்பக்கம் திருப்பினால் தூள் பருமனாகும், கசப்பு குறையும். வலப்பக்கம் திருப்பினால் கசப்பு ஏறும். அக்கா உடனே கடைக்குப் போன் பண்ணுவாள். கடைக்காரர்கள் டாக்டர் சொன்ன மாத்திரை மாதிரி அப்படியே கேட்பார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் நாத்தனார் சமையலறை மேசையில் ஒரு சாவியை வைத்தார்.

"வேலையை விட்டுட்டேன்" என்றார். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி அந்த ஜெராக்ஸ் கடையை எடுத்திருக்கேன். கஃபே. வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை திறக்கறேன்."

"அண்ணி! சொல்லவே இல்லையே!"

"சொன்னா உன் புருஷன் வேண்டாம்பான். இருபது வருஷமா 'உக்காருங்க, கூப்பிடுவாங்க, உக்காருங்க, கூப்பிடுவாங்க'ன்னு சொல்லியே நாக்கு தேஞ்சுபோச்சு. யாரும் கூப்பிடாத ஒரு இடம் வேணும்மா. சும்மா உக்காரலாம். நாற்காலிக்கு முதுகு இருக்கும்."

அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எழுந்துபோய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனாரும் கொஞ்சம் பெருமையாகச் சிரித்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன் பாரு. என் கடைக் காபி மாதிரி இந்த ஊர்ல வேற எந்தக் கடையிலயும் இருக்காது."

[இந்த இடத்தில் அக்காவின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்து 'டணார்' என்று… வேண்டாம். சமையலறைக்கு ஸ்பேனரோடு யார் வருவார்கள்?]

அக்கா "ம்" என்றாள். பதினொரு கடையும் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

4

கதையை இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். எனக்கு அக்காவின் மேல் ஒரு சந்தேகம்.

வயிற்றெரிச்சல் என்பதை நான் நம்பவில்லை. வயிற்றெரிச்சல்காரர்களை எனக்குத் தெரியும், நானே ஒருவன். குடித்துவிட்டுத்தான் புலம்புவோம். குடிக்காமல் இருக்க மாட்டோம். அதனால் வேறு காரணம் ஒன்று எழுதினேன். இதுதான் அது:

'கல்யாணமாகி வந்த மறுநாள் அவள் காபி போட்டாள். நாத்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதை யாரு குடிக்கறது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து தன் நாக்கை அவள்…'

படித்துப் பார்த்தேன். டிவி சீரியல் வாடை அடித்தது. ஒரு வார்த்தைக்காகப் பதினாலு வருஷம் ஒருத்தி காபியைத் தொடாமல் இருப்பாளா என்று வாசகர்கள் கேட்பார்கள். பத்தியைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். வயிற்றெரிச்சல் என்றே இருக்கட்டும்.

5

அக்காவுக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி. ஒன்று, அண்ணியிடம் சொல்வது. 'உங்க காபிதான் நாலு வருஷமா ஊரே குடிக்குது, நீங்க பன்னிரண்டாவது ஆளு' என்று, வேலையை விட்டுவிட்டு வந்தவரிடம் எந்த வாயால் சொல்வது? இரண்டாவது வழி, பதினொரு கடையையும் கெடுத்துவிடுவது. ரொம்ப இல்லை. கடைக்கு மூன்று நூல் வலப்பக்கம்.

அவள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். (நல்லவர்கள் தப்புப் பண்ணும்போது எழுதுகிறவனுக்குக் கொண்டாட்டம். நான் தடுக்கவில்லை.)

திறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது, புதன்கிழமை காலையில், டயர்க் கடை கஃபேயில் ஆரம்பித்தாள். "சும்மா ஒரு செக்கிங்" என்று சொல்லி வளையத்தை மூன்று நூல் வலப்பக்கம் திருப்பினாள். திருட்டுத்தனம் பழக்கமில்லாததால், கையைத் துடைக்கிற சாக்கில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள்.

தினமும் வரும் தபால்காரர் வந்தார். தினமும் உட்காரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். கப்பைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சார், நல்லா இல்லையா?" என்றார் முதலாளி.

"சேச்சே. காபி எப்பவும் போலத்தான் இருக்கு" என்றார் தபால்காரர். "ராத்திரி சரியாத் தூங்கல. என் வாய்தான் சரியில்ல போல."

பாதிக் கப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கடையைக் குறை சொல்லியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். மனுஷன் தன்னையே குறை சொல்லிக்கொண்டு போனதுதான் அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அந்த வாக்கியத்தை அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாள். எங்கே என்று யோசிக்கப் பிடிக்காமல், வளையத்தை மூன்று நூல் இடப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மற்ற பத்துக் கடையையும் அவள் தொடவில்லை.

(எனக்கும் அந்தத் தபால்காரர் மேல் ஒரு அனுதாபம். நானும் நாக்கை நீட்டிக்கொண்டு டாக்டரிடம் போனவன்தானே.)

6

அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கு வந்தபோது குரல் தணிந்திருந்தது. ஆபத்து!

"எங்க போயிட்டு வரீங்க அண்ணி?"

"எல்லாக் கடைக்கும் போனேன். மூணு நாளா. நாம கடை போடறோம், மத்தவன் எப்படிப் போடறான்னு பாக்க வேண்டாமா?" நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "பதினொண்ணும் பாத்துட்டேன். கடையை நான் திறக்கலம்மா."

"ஐயையோ, ஏன்?"

"எல்லாரும் என்னமாப் போடறாங்க தெரியுமா! ஒருத்தன்கூடச் சொதப்பல. எனக்கு எப்படி இருக்கணும்னு தோணிச்சோ, அப்படியே இருக்கு. நான் என்னவோ எனக்குத்தான் நாக்கு இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். ஊர்ல எல்லாருக்கும் இருக்கு." அவர் கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, திரும்ப எடுத்துப்பாங்களான்னு கேக்கறேன்."

எதைச் சொன்னால் அண்ணி உடைந்துபோவார் என்று அக்கா இத்தனை நாள் பயந்தாளோ, அதைச் சொல்லாததால்தான் அண்ணி இப்போது உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். சொல்லாமல் விட்டால் ஆஸ்பத்திரி மேசைதான். 'உக்காருங்க, கூப்பிடுவாங்க.'

"அண்ணி, அது அவங்க நாக்கு இல்ல."

"பின்ன?"

"உங்க நாக்குதான். ஃப்ளாஸ்க்ல கொண்டு வந்தேனே, நாலு வருஷமா. நீங்க சொன்ன மாதிரியே எல்லாக் கடையிலயும் வெச்சிட்டேன். எனக்கு வேற தெரியாது அண்ணி. நீங்க குடிச்சது பூரா உங்க காபிதான்."

அக்கா திட்டுக்குத் தயாராகக் கண்ணை இறுக்கிக்கொண்டாள். திட்டு வரவில்லை. சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, அப்புறம் தோள் குலுங்க, அப்புறம் மேசையைத் தட்டிக்கொண்டு.

"அடிப்பாவி! எனக்கு எதிரி நானேவா? அந்த சைக்கிள் தொங்கற கடையில, இவன் கையைப் பிடிச்சுப் பாராட்டணும்னு எழுந்தே போயிட்டேன்டி!"

அக்காவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. என் கணக்குப்படி கதை இங்கே முடிய வேண்டும். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், ஆசிரியர் கேட்டதும் ஜாலி. பேனாவை மூடப் போனேன்.

நாத்தனார் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது சரி, நீ ஏன் குடிக்கறதில்ல?" என்று கேட்டார்.

"வயித்தெரிச்சல் அண்ணி."

"இருபது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தவகிட்டயா? ஒரு நாளாவது நீ மாத்திரை போட்டு நான் பாத்திருக்கேனா?" குரல் மறுபடி தணிந்தது. "கல்யாணமாகி வந்த மறுநாள் காபி போட்டுக் கொடுத்தே. இதை யாரு குடிக்கறதுன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னியிலேருந்து நீ கப்பைத் தொடல. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

குப்பைக் கூடையில் போட்ட பத்தி! அதை எப்படி எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. இந்த வசனத்தை நான் எழுதவே இல்லை, சத்தியமாக.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி. அந்தக் காபி நல்லா இல்லதானே? என் வாய்தான் சரி…" என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள். தபால்காரர் சொன்ன வாக்கியம் எங்கே கேட்டது என்று இப்போது தெரிந்துவிட்டது.

"நல்லா இல்லன்னு நான் சொல்லலையே. எனக்குப் பழக்கமில்லாத மாதிரி இருந்திச்சு. சொல்லத் தெரியல, கிண்டல் பண்ணிட்டேன்" என்றார் நாத்தனார். "அதைச் சரி பண்ணத்தான் நீ எந்த ஃப்ளாஸ்கைக் கொண்டு வந்தாலும் முகம் சுளிக்காம வாங்கிக் குடிச்சேன். நாலு வருஷம், பூரா ஆறின காபி. எனக்கு மட்டும் ஆசையா?"

7

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில் பன்னிரண்டாவது கடையும் அதே காபியோடு திறக்கிறது, நாற்காலியின் முதுகுக்காகவே கூட்டம் வருகிறது. பரவாயில்லாத முடிவுதான். ஆனால் அக்கா மறுபடி ஃப்ளாஸ்கைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

இரண்டாவதில் நாத்தனார் கஃபேயை விட்டுவிட்டு ஊருக்கே ருசி சொல்லும் நிபுணர் ஆகிறார். [இது ஆசிரியரைச் சிரிக்க வைக்க எழுதியது. அவர் சிரிக்கவில்லை.]

மூன்றாவதை எழுத விடாமல் நாத்தனாரே வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை ஆறே முக்கால். திறக்க இன்னும் கால் மணி நேரம். ஜெராக்ஸ் கடையின் பழைய கண்ணாடிக் கதவு, பன்னிரண்டு நாற்காலி, எல்லாவற்றுக்கும் முதுகு. கல்லாவுக்கு மேலே அவர் கைப்படவே எழுதிய பலகை: 'உக்காருங்க. யாரும் கூப்பிட மாட்டாங்க.'

அக்கா மிஷினைச் சூடாக்கினாள். நீராவி சரியாக இருந்தது. முதல் காபியை எடுத்ததும் கை தன்னால் பைக்குள் போனது. பையில் ஃப்ளாஸ்க் இல்லை.

"தேடாதே. நான்தான் எடுத்து வெச்சிட்டேன்" என்றார் நாத்தனார். அவர் கை அரைக்கும் மிஷினின் வளையத்தில் இருந்தது. "இன்னிக்கு நீ குடி. நான் திருகறேன்."

"அண்ணி, விளையாடாதீங்க. ஆளுங்க வந்துடுவாங்க. எனக்குத் தெரியாது அண்ணி."

"ஊர்ல பதினொரு கடையில என் காபி கிடைக்குது. எனக்கு அது போதும். இது உன் காபி. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. எனக்குப் பிடிக்கலன்னாலும் வாயைத் திறக்க மாட்டேன். மாட்டேன்னா மாட்டேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தபால்காரர் வந்து நின்று பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா கப்பை இரண்டு கையாலும் எடுத்தாள். பதினாலு வருஷம். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். அவளுடைய முகம் நாத்தனாரின் முகம் மாதிரி இல்லை, யாரும் எதையும் ஒட்டுக்கேட்கவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, அண்ணியை நேராகப் பார்த்து, எந்தப் பக்கம், எத்தனை நூல் என்று சொன்னாள்.

அவள் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்தேன். ஒவ்வொன்றிலும் என் நாக்குதான் பேசியது. பாவம், அவள் இப்போதுதான் இன்னொருவர் நாக்கிலிருந்து தப்பித்து வந்திருக்கிறாள்.

கதவு திறந்ததும் தபால்காரருக்குப் பின்னாலேயே நானும் உள்ளே போய்விட்டேன். என் கதைதானே, யார் கேட்கப் போகிறார்கள்? முதுகு சாய்ந்து உட்கார்ந்தேன். காபி வந்தது. வழக்கம் போல நோட்டைத் திறந்து, 'பன்னிரண்டு' என்று போட்டு, 'மேற்' என்பது வரை எழுதினேன். ஒரு வாய் குடித்ததும் பேனா நின்றுவிட்டது. எழுதியதை அடித்துவிட்டு நோட்டை உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன். எதிர் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டு: ~~மேற்~~ ………………………………

உக்காருங்க. யாரும் கூப்பிட மாட்டாங்க.